ஆணையிட்டவர் எங்கே?

2020 மார்ச் 11 அன்று மக்களவையில் பேசிய ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, வடகிழக்கு தில்லியில் மூண்ட வன்முறையை 36 மணி நேரத்தில் அடக்கியதாகத் தில்லிக் காவல்துறையைப் பாராட்டினார். அந்த வன்முறையில் மாண்டவர்கள் 53 பேர். தில்லிக் காவல்துறை அங்குள்ள மாநில அரசின் கையில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 239ஏஏ பிரிவு காவல்துறையையும் பொது ஒழுங்கையும் தில்லிச் சட்டமன்றத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அது ஒன்றிய உள்துறையின் நேரடி ஆளுகையில் இயங்குவது. எனவே அன்று அவையில் நிகழ்ந்ததற்குப் பெயர் பாராட்டு அன்று. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ்.

இத்தகைய உரைகளையும் அறிக்கைகளையும் தமிழாக்குவதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நிலைமை கைமீறிப் போயிற்று, துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, ராணுவம் வரவழைக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக வாக்கியங்கள் வரும். எழுவாயைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்ற சொல் வெளிப்படாவிட்டாலும் வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அரசாங்க அறிக்கையில் அந்த விகுதியும் இராது. யார் சுட்டார், யார் சுடச் சொன்னார், யார் வாளாவிருக்கச் சொன்னார் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இருக்காது. இந்த இலக்கணத்தைத்தான் நாற்பது ஆண்டுகளாக நமது நகரங்களின் சாவுக் கணக்கு எழுதப்படும் மொழியாக ஆளும் வர்க்கக் கட்சிகள் நிலைநிறுத்தியிருக்கின்றன.

செயலின்மை என்னும் செயல்

கலவரக் காலத்தில் காவல்துறை ‘செயலிழந்து’ நின்றது என்று நாமே சில வேளைகளில் எழுதிவிடுகிறோம். இது அரசுக்கு நாம் வழங்கும் சலுகை. செயலிழத்தல் என்பது நோயாளிக்கு நேர்வது. ஆயுதமும் வாகனமும் கம்பியில்லாத் தொடர்பும் அதிகாரச் சங்கிலியும் உள்ள ஒரு படை ஓரிடத்துக்குப் போகாமல் இருக்கிறதென்றால், போக வேண்டாம் என்று எங்கோ ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அல்லது போ என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

2019 டிசம்பர் 15 அன்று ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்துக்குள் தில்லிக் காவல்துறை புகுந்தது. நூலகத்தில் இருந்த மாணவர்கள் மீது தடியடி நடந்தது. பல்கலைக்கழக நிர்வாகம் தான் அனுமதி அளிக்கவில்லை என்று கூறியது. அனுமதி வேண்டும் என்ற எண்ணமே அன்று காவல்துறைக்கு எழவில்லை. சரியாக 21 நாள் கழித்து, 2020 ஜனவரி 5 மாலையில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முகமூடி அணிந்த கும்பல் இரும்புக் கம்பிகளோடு விடுதிகளுக்குள் நுழைந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் தாக்கியது. இப்போது அதே காவல்துறை வாயிற்கதவருகே நின்றது. கேட்டதற்கு, நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான வேண்டுகோள் வரவில்லை என்றது. ஒரே நகரம், ஒரே படை, ஒரே அமைச்சர். ஒரு வாயிலில் தேவைப்படாத அனுமதி மற்றொரு வாயிலில் தேவைப்பட்டது. இதைச் செயலிழப்பு என்று எப்படி அழைப்பது?

அடுத்த மாதம் வடகிழக்கு தில்லி எரிந்தபோது, முஸ்தபாபாதில் அல் ஹிந்த் என்ற சிறு மருத்துவமனையில் குண்டடிபட்டவர்கள் கிடந்தனர். அவர்களைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஆம்புலன்சுகளுக்கு வழி கிடைக்கவில்லை. பிப்ரவரி 25 நள்ளிரவு கடந்தபின், தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதரின் இல்லத்திலேயே அமர்வு கூடி, காயமுற்றோரைப் பத்திரமாகக் கொண்டுசெல்லுமாறு காவல்துறைக்கு ஆணையிட்டது. ஆணை பிறந்தபின் வழி கிடைத்தது. அதாவது, வழி ஏற்படுத்தும் வலிமை காவல்துறையிடம் இருந்தது, ஆணைதான் இல்லை. மறுநாள் அதே நீதிபதி, பாஜக தலைவர்களின் வெறுப்புப் பேச்சுகள் மீது ஏன் முதல் தகவல் அறிக்கை பதியவில்லை என்று கேட்டார். அன்றிரவே அவரைப் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றத்துக்கு மாற்றும் அரசு அறிவிக்கை வெளியானது. கொலீஜியத்தின் பரிந்துரை பிப்ரவரி 12ஆம் தேதியே வந்துவிட்டது என்று அரசு விளக்கம் சொன்னது. உண்மைதான். இரண்டு வாரம் கிடப்பில் இருந்த கோப்பு அந்த ஓர் இரவில் விழித்துக்கொண்டது என்பதும் உண்மைதான்.

இதே தில்லியில் 1984 நவம்பர் முதல் மூன்று நாட்களில் நடந்ததை இளைய தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திரா காந்தி படுகொலையை அடுத்துத் தலைநகரில் கொல்லப்பட்ட சீக்கியர்கள், அரசின் கணக்குப்படியே 2,733 பேர். அப்போதும் காவல்துறை ஒன்றிய உள்துறையிடம்தான் இருந்தது, ஆட்சி காங்கிரசிடம். ராணுவ முகாம் தலைநகருக்குள்ளேயே இருக்க, ராணுவத்தை முறையாகப் பயன்படுத்துவதில் நாட்கள் கழிந்தன. தற்காப்புக்கு முனைந்த சீக்கியர்களின் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவலர்கள் பறித்துச் சென்ற இடங்களும் உண்டு. அதற்கு மட்டும் ஆள் இருந்தது, வாகனம் இருந்தது, நேரமும் இருந்தது.

மும்பையின் கணக்கு

தில்லியில் சுடாமல் இருந்தார்கள் என்றால், மும்பையில் சுட்டார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரில் நடந்தவற்றை விசாரித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்கு, இந்த நாட்டில் அரசு ஆவணம் ஒன்றில் இடம்பெற்ற மிகக் கூர்மையான கணக்குகளுள் ஒன்று. இறந்தோர் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். எப்படி இறந்தார்கள்? கத்திக்குத்தில் 347 பேர். தீவைப்பில் 91 பேர். கும்பல் தாக்குதலில் 80 பேர். தனியார் துப்பாக்கிச் சூட்டில் 22 பேர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 356 பேர்.

தோழர்கள் அந்தக் கடைசி எண்ணை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். மும்பைக் கலவரத்தில் மிகுதியான உயிர்களைக் குடித்த தனியொரு காரணம் கும்பலின் கத்தியன்று, சீருடையின் துப்பாக்கி. அந்தத் தோட்டாக்கள் எல்லாம் தவறானவை என்று ஆணையம் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் நிலைமை கைமீறியது என்ற வாதம் இந்த எண்ணுக்கு முன்னால் நிற்காது. அரசு அங்கு இல்லாமல் போகவில்லை. 356 முறை அது சாவின் வடிவில் அங்கே இருந்தது. சிறுபான்மையினருக்கு எதிரான மனச்சாய்வு காவல் படைக்குள் வேரோடியிருந்ததை ஆணையம் ஒளிக்காமல் எழுதியது. 31 காவல்துறையினரைப் பெயர் சுட்டிக் குற்றம் சாட்டியது. சிவசேனையின் பங்கையும் அதன் தலைவரின் பங்கையும் மறைக்கவில்லை. தமிழ் உழைப்பாளிகள் செறிந்து வாழும் தாராவியில், பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்றே சிவசேனையினர் நடத்திய சைக்கிள் ஊர்வலமும் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட நமக்கு முக்கியமானது வேறொன்று. ஜனவரி 6 முதல் 10 வரை, ராணுவத்தை உருப்படியாகப் பயன்படுத்துவதற்கான ஆணையைப் பிறப்பிக்க முதலமைச்சர் சுதாகர்ராவ் நாயக் நான்கு நாட்களை வீணாக்கினார் என்று ஆணையம் கண்டறிந்தது. அரசு அறிக்கையின் வாக்கியத்தில் அபூர்வமாக எழுவாய் தென்பட்ட இடம் இது. அந்த நான்கு நாட்களுக்குள்தான், ஜனவரி 9 அன்று, முகமது அலி சாலையிலிருந்த சுலைமான் உஸ்மான் பேக்கரிக்குள் காவல்துறைச் சிறப்புப் படை புகுந்து சுட்டது. உள்ளேயிருந்து தங்களைச் சுட்டார்கள் என்ற காவல்துறையின் கதையை ஆணையம் ஏற்கவில்லை. அப்படைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி பின்னர் அதே நகரத்தின் காவல் ஆணையராக உயர்ந்தார். 2003இல் வழக்கிலிருந்து விடுவிக்கவும் பட்டார்.

ஆணையத்துக்கு நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். 1993 ஜனவரியில் அமைக்கப்பட்ட அதனை, 1996 ஜனவரியில் சிவசேனை–பாஜக அரசு கலைத்தது. எதிர்ப்பு எழவே அதே ஆண்டு மே மாதம் மீண்டும் உயிர்ப்பித்தது. 1998 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அது இந்துக்களுக்கு எதிரானது என்று கூறி மனோகர் ஜோஷி அரசு அதன் சாரத்தை நிராகரித்தது. நிறைவேற்றுவோம் என்று வாக்குக் கேட்டு 1999இல் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ்–தேசியவாத காங்கிரஸ் கூட்டணி, அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடு என்று உச்சநீதிமன்றம் மகாராஷ்டிர அரசுக்கு ஆணையிட்டது 2022 நவம்பரில். முப்பது ஆண்டு!

லாரியோடு நின்றுபோன நீதி

1987 மே 22 அன்று மீரட் நகரின் ஹாஷிம்புராவில் உத்தரப்பிரதேச மாகாண ஆயுதக் காவல்படையான பிஏசி, முஸ்லிம் ஆண்களைப் பிடித்து லாரியில் ஏற்றிச் சென்றது. முராத்நகர் கால்வாய்க் கரையிலும் ஹிண்டன் கரையிலும் இறக்கிச் சுட்டு நீரில் வீசியது. (தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு மே 22 வேறொரு நகரத்தை நினைவூட்டும், 2018இல் தூத்துக்குடி.) அப்போது காஜியாபாத் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த விபூதி நாராயண் ராய் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்திராவிட்டால் இதுவும் ‘கலவரத்தில் இறந்தோர்’ பட்டியலில் கரைந்திருக்கும். குற்றப்பத்திரிகை தாக்கலாக 1996 ஆயிற்று. அதன்பின் நீதிமன்றம் மீண்டும் மீண்டும் பிடியாணை அனுப்பியது. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் ‘காணவில்லை’. அவர்கள் அரசுப் பணியில் இருந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் போய்ச் சேர்ந்த முகவரிக்குப் பிடியாணை போய்ச் சேரவில்லை. 2015இல் விசாரணை நீதிமன்றம் 16 பேரையும் விடுவித்தது. 2018 அக்டோபர் 31 அன்று தில்லி உயர்நீதிமன்றம், முன்சொன்ன அதே நீதிபதி முரளிதர் இடம்பெற்ற அமர்வு, 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தத் தீர்ப்பு மகத்தானது, அதில் ஐயமில்லை. ஆனால் தண்டனை அடைந்தவர்கள் யார்? லாரியில் இருந்தவர்கள். லாரியை அனுப்பியவர் எவரும் அந்தக் கூண்டில் இல்லை. அன்றைய முதலமைச்சர் வீர் பகதூர் சிங் ஹாஷிம்புராவுக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாக நாற்காலியில் இருந்தார். இங்கே இன்னொரு செய்தியை நினைவூட்டத் தோன்றுகிறது. அதே பிஏசி படையினர் 1973 மே மாதம் தங்கள் பணி நிலைமைகளுக்காகக் கலகம் செய்தார்கள். அன்று அரசு தயங்கவில்லை. ராணுவத்தை அனுப்பி அடக்கியது. படையினர் பலர் மாண்டனர். அடுத்த மாதமே முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலக நேர்ந்தது. காவலர்கள் அரசை எதிர்த்தால் மாநில ஆட்சி ஆடிப்போகும். அதே காவலர்கள் மக்களைக் கொன்றால் ஆட்சிக்கு ஒரு கீறலும் விழாது. ராணுவத்தை அழைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதற்கு இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

பூட்டுகள்

மேலே உள்ளவரை எட்ட விடாமல் சட்டமே பூட்டுகளைச் செய்து வைத்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, அரசு ஊழியர் பணியின் பேரால் செய்த செயலுக்கு வழக்குத் தொடர அரசின் முன்னனுமதி வேண்டும் என்றது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 218ஆம் பிரிவு. 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். முன்னேற்றம் போலத் தோன்றும். ஆனால் 119ஆம் நாள் ‘அனுமதி இல்லை’ என்று ஒரு வரி எழுத யாருக்கும் சிரமம் இல்லை. குற்றம் சாட்டப்படும் நிர்வாகமே குற்றச்சாட்டை அனுமதிக்கும் அதிகாரியாகவும் இருக்கிறது என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

தில்லிக்குக் கூடுதலாக ஒரு பூட்டு. 1978ஆம் ஆண்டின் தில்லிக் காவல்துறைச் சட்டம், 140ஆம் பிரிவு: பணியின் பேரால் காவலர் செய்த குற்றத்துக்கு மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும், அரசின் அனுமதியோடு ஓராண்டு வரை. கொலை எவருக்கும் பணியாகாது என்பது உண்மையாயினும், வழக்கை இழுத்தடிக்க இந்தப் பிரிவு போதும். 1984 நவம்பர் படுகொலைகளை விசாரிக்க ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தை அரசு அமைத்ததே 1985 ஏப்ரல் இறுதியில்தான். மூன்று மாதம் கடந்துவிட்ட பிறகு! அந்த ஆணையமும் பத்திரிகையாளர்களை அனுமதிக்காமல் மூடிய கதவுக்குள் விசாரித்தது. பின்னர் அமைந்த கபூர்–மிட்டல் குழுவின் பணியில் 72 காவல் அதிகாரிகள் உடந்தையாகவோ கடும் அலட்சியத்தோடோ நடந்துகொண்டதாக அடையாளம் காணப்பட்டனர். 30 பேரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரை வந்தது. ஒருவரும் பணிநீக்கம் ஆகவில்லை. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டம் அரசுக்கு விதிக்கும் கடமை, அறிக்கையை ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைப்பது மட்டும்தான். ‘ஏற்கவில்லை’ என்பதும் சட்டத்தின் பார்வையில் ஒரு நடவடிக்கையே.

கேள்வி கேட்பவர்களுக்கு மட்டும் சட்டம் வேறு வேகத்தில் ஓடுகிறது. 2020 தில்லி வன்முறையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய மாணவர்களும் இளைஞர்களும் ஊபா சட்டத்தின்கீழ் விசாரணை முடியாமலேயே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தனர். தோழர் சீத்தாராம் யெச்சூரியின் பெயரைக்கூட ஒரு துணைக் குற்றப்பத்திரிகையோடு சேர்த்த வாக்குமூலத்தில் நுழைத்தார்கள். விவகாரம் வெடித்ததும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர் என்றார்கள். சாலையில் அடிபட்டுக் கிடந்த ஐந்து இளைஞர்களைச் சூழ்ந்து நின்று தேசிய கீதம் பாடச் சொல்லி அடித்த காவலர்களை நாடே காணொலியில் பார்த்தது. அவர்களில் 23 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அந்த வழக்கைத் தில்லிக் காவல்துறையிடமிருந்து எடுத்துச் சிபிஐ வசம் ஒப்படைக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2024 ஜூலையில். நான்கரை ஆண்டுகளாக அந்த முகங்கள் யாருடையவை என்று தில்லிக் காவல்துறையால் தன் படைக்குள்ளேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

நமக்குள் ஒரு வாதம்

காவல்துறையின் மனவுறுதி குலையும் என்பது அரசு தரப்பின் பழைய பல்லவி. அதற்குப் பதில் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. காவல்துறையை அரசியல் தலையீட்டிலிருந்து விடுவித்தால் எல்லாம் சரியாகும் என்னும் தாராளவாதிகளின் கருத்தைச் சற்றுப் பொறுமையாக அணுகலாம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் தந்த கட்டளைகளுள், மாநில, மாவட்ட அளவில் காவல்துறைக்கெதிரான புகார் ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்பது மிகத் தேவையானது. பெரும்பாலான மாநிலங்கள் அதைச் செயலற்றதாக்கிவிட்டன. ஆனால் தன்னாட்சி மட்டும் மருந்தாகாது. ஸ்ரீகிருஷ்ணா கண்ட மனச்சாய்வு படைக்குள்ளேயே இருந்தது. அத்தகைய படைக்கு விடுதலை கொடுத்து, அமைச்சருக்கும் ‘நான் தலையிடவில்லை’ என்று கைகழுவ வழி கொடுத்தால் யாருக்கு லாபம்?

மூன்றாவது வாதம் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. அரசு வர்க்க ஒடுக்குமுறைக் கருவி. அதன் ஆயுதப் படையிடம் பொறுப்புக் கேட்பது பிரமையை வளர்ப்பதாகாதா என்கிறார்கள். அரசின் வர்க்கத் தன்மையை அறிந்திருப்பது, அதனிடம் எதையும் கோராமல் இருப்பதற்கான காரணமன்று. எட்டு மணி நேர வேலையையும் முதலாளித்துவ அரசிடமிருந்துதான் பறித்தோம். ஆலை வாயிலில் அடுத்த தடியடி நம் தோழர் மீதுதான் விழப்போகிறது. அப்போது நாம் யாரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டப்போகிறோம்? இன்னொன்றும் உண்டு. கான்ஸ்டபிள் பெரும்பாலும் ஏழை விவசாயியின், உழைப்பாளியின் பிள்ளை. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்கு நினைத்தபடி சங்கம் சேரும் உரிமையையும் மறுக்கிறது. கொலை செய்தவன் தண்டனை அடைய வேண்டும். அதில் சலுகை கிடையாது. ஆனால் எல்லாப் பழியும் அவனோடு முடிந்து, ஆணையிட்டவர் ஆளுநர் மாளிகைக்கும் ஓய்வூதியத்துக்கும் போவது வர்க்க நீதியே.

2011இல் தேசிய ஆலோசனைக் குழு தயாரித்த வகுப்புவாத வன்முறைத் தடுப்பு மசோதா வரைவில், கீழ்ப்படையின் குற்றத்துக்கு மேலதிகாரியைப் பொறுப்பாக்கும் கட்டளைப் பொறுப்புப் பிரிவு இருந்தது. இந்தியா கையெழுத்திடாத ரோம் சாசனத்தின் 28ஆம் பிரிவு சொல்வதும் இதே கோட்பாடுதான்: குற்றம் நடப்பதை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலிருந்தும், தடுக்கத் தவறிய தலைமை குற்றவாளி. அந்த வரைவிலிருந்து பலமுறை மாறி வந்த மசோதாவை 2014 பிப்ரவரி 5 அன்று மாநிலங்களவையில் அறிமுகம் செய்யக்கூட இயலவில்லை. பாஜக எதிர்த்தது, அதன் காரணம் வெளிப்படை. இடதுசாரிகளும் திமுகவும் அதிமுகவும் மாநில உரிமையில் ஒன்றியம் கைவைக்கிறது என்று ஆட்சேபித்தன. அந்த ஆட்சேபம் அன்றும் நியாயம், இன்றும் நியாயம். ஆனால் அதோடு கட்டளைப் பொறுப்பும் சேர்த்துப் புதைக்கப்பட்டது. மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் இனப்படுகொலையும் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்த 2018 டிசம்பர் தீர்ப்பில் தில்லி உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதன்பின் எழுதப்பட்டதுதான். அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்பது நம் வாதமானால், அதன் மறுபாதியையும் நாமே எழுத வேண்டும். மாநிலக் காவல் சட்டங்களில் கட்டளைப் பொறுப்பைச் சேர்க்க எந்த ஒன்றிய மசோதாவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. படையை எங்கே அனுப்பினார்கள், எங்கே அனுப்பவில்லை, சுடும் ஆணை எத்தனை மணிக்கு யாரால் தரப்பட்டது என்பதைப் பெயரோடும் பதவியோடும் எழுத்தில் பதிந்து, முப்பது நாளுக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வழக்குக்கான அனுமதியை அரசிடமிருந்து எடுத்து நீதித்துறையிடம் தர வேண்டும். இந்த அளவுகோல் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் மட்டுமன்று. நாம் ஆண்ட, ஆளக்கூடிய மாநிலங்களுக்கும் இதுவே. நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரேனும் உள்ள அவைகளில் அதைத் தனிநபர் மசோதாவாக அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர முடியும்.